பொள்ளாச்சி ஸ்டேஷன் கடைச் சந்தகை, ரயில் வராத வருஷங்களையும் சேர்த்து

பொள்ளாச்சி ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் நடக்கிற தூரத்தில் ஒரு டிபன் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஓடு வேய்ந்த முன்கட்டு, நாலு பெஞ்சு, ஒரு பித்தளை பாய்லர், அவ்வளவுதான் கடை. "ஸ்டேஷன் கடை எங்கீங்க?" என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். முதல் தடவை அப்புச்சி (அம்மாவின் அப்பா) கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தபோது எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும், அதற்கப்புறம் எத்தனை தடவை வந்திருப்பேன் என்று கணக்கே இல்லை, ஆனாலும் இதுவரை இந்தக் கடையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. போன வாரம் காலையில் அங்கே உட்கார்ந்திருந்தபோது அது மனசை உறுத்தியது. அதனால் இது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். கோவைப் பக்கம் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்ட சந்தகையில் (மற்ற ஊர்களில் சேவை என்பார்கள், இடியாப்பம் மாதிரி இருக்கும்) எனக்கு இதுதான் முதலிடம். இப்போது நிறைய ஓட்டல்களில் "கொங்குச் சந்தகை" என்று போடுகிறார்கள், ஆனால் பாதி இடத்தில் கடையில் விற்கும் உலர்ந்த சேவையை வெந்நீரில் போட்டு எடுத்துத் தாளித்துத் தருகிறார்கள், வாயில் போட்டால் நூல் மாதிரி இருக்கும். இங்கே அப்படி இல்லை. புழுங்கல் அரிசியை ஊற வைத்து நைசாக ஆட்டி, இட்லியாக வேக வைத்து, அந்த இட்லி ஆவி பறக்கும்போதே முக்காலி மேல் இருக்கும் சந்தகை அச்சில் போட்டுப் பிழிகிறார்கள். சூடு கொஞ்சம் ஆறினாலும் பிழிய வராது, கைப்பிடி நகராது. கடைக்கார அக்கா உட்கார்ந்த வாக்கில் ஒரு காலால் முக்காலியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கைப்பிடியைச் சுற்றுவார், கீழே வாழையிலை மேல் வெள்ளையாகச் சுருள் சுருளாக விழும். தட்டுக்கு இரண்டு சுற்று. அதற்கு மேல் தேங்காய்ப்பால், நாட்டுச்சர்க்கரை. தேங்காய்ப்பால் முதல் பால்தான், பொள்ளாச்சியில் இருந்துகொண்டு தேங்காயில் கஞ்சத்தனம் பண்ணினால் யார் ஒத்துக்கொள்வார்கள். ஏலக்காய் கூட ரொம்பப் போடுவதில்லை, சர்க்கரையின் வாசம் அடங்கிப்போகக் கூடாது என்பது அக்காவின் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அதை விட முக்கியமானது எலுமிச்சைச் சந்தகை. இதற்குத்தான் நான் கோவையிலிருந்து பஸ் ஏறி வருவேன். கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான் எலுமிச்சைச் சாறு பிழிகிறார்கள், அதனால் கசப்பு ஏறுவதில்லை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், தண்ணீர் சொட்டாத கெட்டித் துவையல், அம்மியில் அரைத்தது போலக் கொரகொரப்பாக இருக்கும். இந்த எலுமிச்சைச் சந்தகைக்கும் கெட்டித் துவையலுக்கும் கடையில் இன்னொரு பெயர் உண்டு: வண்டிப் பொட்டலம்.

அந்தப் பெயரில்தான் இந்தக் கடையின் கதை இருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றியது வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்காது. ஆனால் பொள்ளாச்சி வழியாகப் போன வண்டிகளில் ஏறுகிறவர்கள் பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அதற்கு அப்பால் ராமேஸ்வரத்துக்கும் போகிறவர்கள். அவர்களுக்குச் சாயங்காலம் வரை கெடாத ஒன்று வேண்டும், கையில் ஒழுகக் கூடாது, குழந்தை மடியில் வைத்துச் சாப்பிட்டால் துணியில் கறை படக் கூடாது. அக்காவின் மாமனார் அதற்காகச் செய்ய ஆரம்பித்ததுதான் இந்தப் பொட்டலம். வாழையிலை, அதற்கு மேல் செய்தித்தாள், குறுக்கும் நெடுக்கும் வாழைநார். இப்போதும் அதே கட்டுதான், நார் மட்டும் சணல் கயிறாக மாறிவிட்டது.

இந்த ஜங்ஷனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது 1915ல், கோவையை ஒட்டிய போத்தனூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர் கேஜ் தடம், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்தான் இருக்கும். அப்போது இந்த ஊர் கடைசி ஸ்டேஷன், அதற்கு மேல் தடம் இல்லை. 1928ல் திண்டுக்கல் பக்கமிருந்து பழனி, உடுமலை வழியாக ஒரு தடம் வந்து சேர்ந்தது. 1932ல் பாலக்காட்டுக்கு ஒன்று. மூன்று திசையிலும் தடம் வந்த பிறகுதான் உண்மையான ஜங்ஷன் ஆனது. கடலோரத்து ராமேஸ்வரத்தில் கிளம்பி மலையோரத்து முதலமடை, கொல்லங்கோடு வரைக்கும் ஒரே கேஜில் ஆள் போகலாம், சரக்கு போகலாம். போத்தனூர் போனால் அங்கே பெரிய லைன். அது 1862லேயே சென்னைப் பக்கத்தையும் மலபாரையும் இணைத்துப் போட்ட அகல ரயில் பாதை. (கோவை ஊருக்குள் அந்தத் தடம் வரவில்லை, போத்தனூரோடு ஒதுங்கிப் போய்விட்டது, 1873ல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டபோதுதான் கோவைக்கு ஸ்டேஷன் கிடைத்தது. இன்றைக்குப் போத்தனூரைக் கோவையின் ஒரு மூலை என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.) சின்ன கேஜ் வண்டியில் வந்த சரக்கைப் பெரிய கேஜ் வண்டிக்கு மாற்ற வேண்டுமென்றால் வேறு வழியில்லை, ஆள் இறங்கித் தலையில் சுமந்துதான் மாற்ற வேண்டும். ஒரு மூட்டையைத் தோட்டத்தில் ஏற்றுவது ஒரு தடவை, ஸ்டேஷனில் ஒரு தடவை, கேஜ் மாறும் இடத்தில் இன்னொரு தடவை என்றால் எத்தனை தோள், எத்தனை பசி. அந்தத் தோள்காரர்களுக்காகத்தான் ஸ்டேஷனைச் சுற்றி இந்த மாதிரிக் கடைகள் வந்தன.

கடையில் எந்நேரமும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் உண்டு. மீட்டர் கேஜ் காலத்தில் பாயிண்ட்ஸ்மேனாக (வண்டிக்குத் தடம் மாற்றிவிடுகிறவர்) இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து "அந்தக் காலத்துல எப்படிங்கய்யா?" என்று மட்டும் கேளுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். எனக்கு அவர் டோக்கனைப் பற்றிச் சொன்னது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒற்றைத் தடம், இரண்டு பக்கமும் வண்டி வரும், மோதாமல் இருக்க வேண்டும். அதற்காக ஒரு ஸ்டேஷனிலும் அடுத்த ஸ்டேஷனிலும் இரண்டு பெட்டிகள், கம்பி வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஓர் உலோக உருண்டைதான் வெளியே எடுக்க முடியும். ஒன்று வெளியே வந்துவிட்டால் அது எங்கேயாவது திரும்பப் பெட்டிக்குள் போகும் வரை இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்த உருண்டையைத் தோல் பையில் போட்டு, ஒரு பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். வண்டி நிற்கிற ஸ்டேஷன் என்றால் சாதாரணமாகக் கொடுத்துவிடலாம். நிற்காமல் போகிற வண்டிக்கு, பிளாட்பாரத்தில் நின்று வளையத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்ஜினிலிருந்து கையை வளைத்து நீட்டுகிற ஆள் அதற்குள் முழங்கையை விட்டு அள்ளிக்கொண்டு போவார், அதே நொடியில் பழைய வளையத்தைக் கீழே வீசுவார்.

"ராத்திரில, மழைல, அந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல, ஒரு கைல அரிக்கேன் லைட்டு, ஒரு கைல வளையம். டோக்கன் இல்லாம வண்டி ஒரு அடி நவுறாதுங்க கண்ணு" என்றார். சொல்லும்போது வலது கையைத் தூக்கி வளையம் பிடிக்கிற மாதிரியே காட்டினார், விரல்கள் அந்தக் கனத்துக்குத் தகுந்தபடி மடங்கின. முன்கையில் ஒரு நீளமான தழும்பு. அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் அப்புச்சி உடுமலைக்காரர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வருவார். அவர் பாக்கெட்டில் அட்டை டிக்கெட் இருக்கும், தீப்பெட்டி அட்டையை விடக் கெட்டி, ஓரத்தில் தேதி அச்சு குத்தியிருக்கும். கவுன்டரில் அந்த அச்சு இயந்திரத்தில் டிக்கெட்டை நுழைத்தால் "டக்" என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தால்தான் எனக்கு ஊருக்குப் போகிறோம் என்ற நம்பிக்கையே வரும். எதிர் வண்டி கிராசிங் என்றால் பொள்ளாச்சியில் நிறைய நேரம் நிற்கும். அப்போது அக்காவின் மாமனார் கடைப் பையன் ஒருவனைப் பிளாட்பாரத்துக்கு அனுப்புவார், கூடையில் பொட்டலங்களோடு. அப்புச்சி ஜன்னல் வழியாக இரண்டு வாங்குவார், ஒன்று எங்களுக்கு, ஒன்று வீட்டில் இருக்கும் பாட்டிக்கு, எங்கள் அமுச்சிக்கு. உடுமலை போகும் வரை அந்தச் சூடு என் தொடையில் இருக்கும்.

சரி, அப்புறம் வண்டி நின்றது. 2008 கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் தொடங்கி ஒவ்வொரு தடமாக மூடினார்கள். அகல ரயில் பாதையாக மாற்றப் போகிறோம் என்று. மாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளத்துக்கு இடையே 1000 மில்லிமீட்டர், அகலப் பாதைக்கு 1676. கேட்கும்போது இரண்டேகால் அடி வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் அந்த இரண்டேகால் அடிக்காக மண் மேட்டை அகலப்படுத்த வேண்டும், பாலங்களைப் பலப்படுத்த வேண்டும், பிளாட்பாரத்தைத் தள்ளிக் கட்டி உயர்த்த வேண்டும், ஸ்லீப்பர் கட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கான்கிரீட் போட வேண்டும். நடுவில் வண்டி ஓட்டிக்கொண்டே செய்ய முடியாது. இருந்த தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகு, மூன்று திசைக்கும் போன ஜங்ஷன் எந்தத் திசைக்கும் போகாத ஒரு கட்டடமாக நின்றது. ஊர்ப் பெயர்ப் பலகையில் ஜங்ஷன் என்று எழுதியிருக்கும், சுற்றிலும் புல். வேலை எப்போது முடியும் என்று ஊரில் ஆளுக்கு ஒரு வருஷம் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. கொங்குக்கு வடக்கே மொரப்பூரில் நடந்தது எனக்குத் தெரியும். அங்கேயிருந்து தர்மபுரிக்கு 1906ல் குறுகிய ரயில் பாதை போட்டார்கள், 1913ல் ஓசூர் வரை நீட்டினார்கள், இரண்டாம் உலகப் போர் சமயம் 1941ல் நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மொரப்பூரில் பெரிய லைன் இருந்ததால் ஸ்டேஷன் பிழைத்தது, ஆனால் ஜங்ஷன் என்ற பெருமை போனது போனதுதான். அந்தத் தடத்தைத் திரும்பக் கொண்டுவர 2019ல் தான் அடிக்கல் நாட்டினார்கள். ஒரு தடத்தை எடுத்துவிட்டால் திரும்ப வர ஒரு மனுஷ ஆயுள் ஆகலாம் என்பது கற்பனைப் பயம் இல்லை.

அப்போது ஒரு நாள், 2011 என்று நினைவு, வேலை விஷயமாகப் பொள்ளாச்சி வந்தவன் கடை இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இருக்காது என்று நினைத்துத்தான் போனேன். பாய்லரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மாமனார் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார், அக்கா தனியாக நடத்திக்கொண்டிருந்தார். வண்டியே இல்லையே, யாருக்கு விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காலைல நாலரைக்கு எந்திரிச்சுப் பழகிப்போச்சு கண்ணு. வண்டி இல்லீன்னா தூக்கம் வருமா? எந்திரிச்சாச்சு, செரி, அடுப்பப் பத்த வெப்போம்னு பத்த வெச்சேன். பத்த வெச்ச அடுப்புக்கு நாலு பேரு வராமயா போயிருவாங்க" என்றார்.

வந்தார்கள்தான். செவ்வாய், வியாழன் மாட்டுச் சந்தைக்கு வரும் வியாபாரிகள், தேங்காய் லாரி டிரைவர்கள், தடம் மாற்றும் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த ஆட்கள். அந்த வேலைக்காரர்களில் பலருக்குச் சந்தகை என்றால் என்னவென்றே தெரியாது, அவர்களுக்காக அக்கா சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டார், இன்றைக்கும் அந்தச் சப்பாத்தி மெனுவில் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதம் வந்ததும் அப்போதுதான். வருமானம் பாதிக்குக் கீழே போனது, நகை அடகுக்குப் போனது, இதெல்லாம் அவரே சொன்னது. வண்டிப் பொட்டலத்தை மட்டும் அவர் நிறுத்தவில்லை. தினமும் ஐந்து பொட்டலமாவது கட்டி வைப்பார். சந்தைக்காரர்கள் பஸ்ஸில் கொண்டுபோக வாங்கிக்கொண்டார்கள்.

2015ல் பழனிப் பக்கம் முதலில் திறந்தது, அதே வருஷத்தில் பாலக்காட்டுப் பக்கமும். கோவைக்காரர்களான எங்களுக்குத்தான் கடைசி, போத்தனூர்த் தடம் 2017ல் வந்தது, அதாவது அந்தத் தடத்தை மூடி எட்டு வருஷம் கழித்து. திறந்த பிறகு நான் முதல் வேலையாக ரயிலிலேயே பொள்ளாச்சி வந்து இந்தக் கடையில் சாப்பிட்டேன், அன்றைக்கு அக்கா என்னிடம் காசு வாங்கவில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேலே மின்கம்பி, கீழே கான்கிரீட், வண்டி வேகமாக வருகிறது, வேகமாகப் போகிறது. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைப் பக்கம் போகும் அமிர்தா எக்ஸ்பிரஸும், பழனி வழியாகச் சென்னைக்குப் போகும் பாலக்காட்டு வண்டியும் இந்த வழியாகத்தான். ஆனால் பழைய மீட்டர் கேஜில் கோவையிலிருந்து பழனி வழியாக ராமேஸ்வரத்துக்கு நேராகப் போன வண்டிக்கு இன்றுவரை மாற்று இல்லை, இப்போதைய வாராந்திர வண்டி திருச்சி வழியாகச் சுற்றிப் போகிறது. வழியில் இருந்த சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் சில திரும்ப வரவேயில்லை. சேலம் ரயில்வே கோட்டத்தை 2007ல் பிரித்தபோது பொள்ளாச்சி பாலக்காட்டுக் கோட்டத்தோடு நின்றுவிட்டது, அதைப் பற்றி முதல் பெஞ்சில் பேச்சு ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

கடைக்கு என்ன நட்டம் என்றால், கிராசிங்குக்காக நின்று நின்று போன அந்தக் காலம் போய்விட்டது. நிற்கிற சில நிமிஷத்தில் பிளாட்பாரத்தில் கூடை தூக்கிக்கொண்டு ஓட முடியாது, இப்போது அதற்கு அனுமதியும் வேண்டும். அதனால் பொட்டலம் வாங்க நாம்தான் கடைக்கு வர வேண்டும். தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் மட்டும் பழனி போகிறவர்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள், அந்த நாலு நாளும் அக்காவின் மகளும் மருமகனும் வந்து உதவுகிறார்கள்.

இனிக் குறைகள். உட்கார இடம் ரொம்பக் குறைவு, எட்டு மணிக்கு மேல் போனால் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏழுக்குள் போய்விடுங்கள். இட்லி சுமார்தான், சந்தகை இருக்கும் கடையில் இட்லி கேட்பது வீண். சாம்பாரில் போன மாதம் இரண்டு தடவை உப்பு தூக்கலாக இருந்தது, சொன்னேன், மூன்றாவது தடவை சரியாக இருந்தது. கை கழுவும் இடம் வெளியே, மழையில் சேறாகிவிடுகிறது, அதற்கு ஒரு சிமெண்ட் மேடை போட்டால் நல்லது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வண்டி நிறுத்த இடம் கிடையாது. கார்டு வாங்குவதில்லை, போனில் காசு அனுப்பலாம்.

தேங்காய்ப்பால் சந்தகை 50 ரூபாய், எலுமிச்சை 45, பொட்டலம் துவையலோடு 60. டீ 12. நாட்டுச்சர்க்கரைக் காபி 20, அதை விட்டுவிடாதீர்கள், பால் கெட்டியாகக் காய்ச்சி, சர்க்கரையைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, கடைசியில் சேர்க்கிறார்கள், அதனால் திரிவதில்லை. அரிசிம்பருப்பு சாதம் பன்னிரண்டரைக்கு இறங்கும், ஒன்றரைக்கு மேல் இருக்காது, மேலே ஊற்றுகிற நெய்க்குத் தனிக் காசு கேட்பதில்லை.

கோவையிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸில் வராமல் ஒரு தடவையாவது ரயிலில் வாருங்கள், கிணத்துக்கடவு தாண்டினால் தென்னந்தோப்பும் அதற்குப் பின்னால் ஆனைமலையும் ஜன்னலில் வரும், ஆனி ஆடியில் வந்தால் காற்று முகத்தில் அறையும். ஐந்து பொட்டலத்துக்கு மேல் வேண்டுமானால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அமாவாசை அன்று கடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உண்டு, ஆனால் அன்றைக்கு எலுமிச்சைச் சந்தகை ஏழரைக்கே தீர்ந்துவிடும்.